மேசைக்கு ஏறிய ஐந்து ஸ்பீக்கர்கள்

அக்கா வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் ரேடியோ கடை. நான் வேலை பார்ப்பது ரேடியோ கடையே இல்லை, வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுக்கும் கடை. பதினெட்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "எல்லாம் ஒண்ணுதானப்பா, சத்தம் போடுற பெட்டிதானே" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் போன் போட்டு, "மாப்ள, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?" என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வாயில் 'முடியுமா' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மாமா வீட்டிலிருந்தே டைப் அடிப்பவர். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து அனுப்பியதும், இன்ன வலி, இன்ன மருந்து, இத்தனை வேளை என்று மைக்கில் முணுமுணுத்து வைப்பார்கள். அந்தப் பதிவுகள் ஒரு நிறுவனத்தின் வழியாக அவருடைய கம்ப்யூட்டருக்கு வரும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. சாப்பிட்டுக்கொண்டே பேசும் டாக்டர், கார் ஓட்டிக்கொண்டே பேசும் டாக்டர், மூக்கடைத்த டாக்டர் என்று யாருக்கும் புரியாத குரல்களை எல்லாம் நிறுவனத்தில் அவர் பக்கம்தான் தள்ளுவார்கள். புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகலாம் என்பது அங்கே விதி. கோடு போடுவதை மாமா கௌரவக் குறைச்சலாக நினைத்தார். பெடலை முப்பது தடவை மிதித்தாவது பிடித்துவிடுவார்.

அந்த மனிதரின் பக்கங்களில் கோடுகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்று, இரண்டு. பிறகு கோடு போடக் கூச்சப்பட்டுத் தோராயமாக எதையோ அடித்தார். அது கோட்டைவிட மோசம், மருந்து விஷயம் அல்லவா? நிறுவனத்தில் சரிபார்க்கும் அம்மாள் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாவது தடவை போனில் பேசினாள். இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஃபைல் அனுப்புவதை நிறுத்திவிடுவோம் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாளாம். மாமாவுக்கு வேறு வேலை தெரியாது. வயது ஐம்பத்து நான்கு.

அவர் பழியை ஹெட்போன் மேல் போட்டார். மூன்று ஹெட்போன் மாற்றியும் சரிப்படவில்லை. அப்புறம்தான் கூடத்துச் சுவரில் நான் மாட்டிக் கொடுத்திருந்த ஹோம் தியேட்டர் அவர் கண்ணில் பட்டது. நான் போய்ச் சேருவதற்குள் சுவரில் ஐந்து ஓட்டைதான் மிச்சம். ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஒயரை நகத்தால் உரித்து, பழைய ஹெட்போன் பின்னில் சுற்றி டேப் ஒட்டி, நேராகக் கம்ப்யூட்டரில் சொருகி வைத்திருந்தார். கொசு முனகுவதுபோல ஏதோ வந்துகொண்டிருந்தது.

"மாமா, உங்களை யாரு இதைக் கழட்டச் சொன்னது?"

"வரல மாப்ள. சத்தமே வரல."

"எப்படி வரும்? இது வெறும் ஸ்பீக்கர். தானா ஒண்ணும் செய்யாது. நடுவுல ஆம்ப்ளிஃபயர் வேணும். கம்ப்யூட்டர் குடுக்குற சிக்னல் இதோட ஒரு மூலைக்குக்கூடப் பத்தாது."

"சரி, அதையும் தூக்கிட்டு வந்துடுவோம். கோவிச்சுக்காத."

தூக்கினோம். டிவிக்குக் கீழே கிடந்த ஆம்ப்ளிஃபயர் மேசையில் ஏறியதும் சாப்பாட்டுத் தட்டு வைக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. கம்ப்யூட்டரோடு இணைத்தால் ஓயாத ரீங்காரம். இரண்டையும் ஒரே பிளக் போர்டில் போட்டு அதை அடக்கினேன். அடிச் சத்தத்துக்கென்று தரையில் இருந்த பெரிய பெட்டியை மேசைக்கடியில் வைத்தபோது டாக்டர் இருமிய இருமலில் பெடலே அதிர்ந்தது. பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். "படத்துல ஆளுங்க பேசுறது முக்கியமா இந்த நடு ஸ்பீக்கர்லதான் வரும் மாமா, உங்களுக்கு வேண்டியது இதான்" என்று அதை மட்டும் அவர் முகத்துக்கு நேரே நிறுத்தி, பேச்சு முழுக்க அதில் வரும்படி செய்தேன். மற்ற நான்கையும் சும்மாதான் வைத்தேன். அவர் கேட்டார், வைத்தேன்.

நோயாளி விஷயம் வெளியே போகக் கூடாதென்பதால் ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டார். உள்ளே வெந்துகொண்டிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கு இப்ப ஊருல உள்ள மூட்டு வலி, மூல வியாதி அத்தனையும் தெரியும்டா. எந்த டாக்டர் எரிஞ்சு விழுவார்னு குரல வெச்சே சொல்லிடுவேன்."

அடுத்தடுத்த இரண்டு ஞாயிறும் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே பாட்டுத்தான் பாடினார், "சத்தம் இருக்கு மாப்ள, தெளிவு இல்ல." எனக்குத் தொழில் கர்வம். ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கருக்கடியில் ரப்பர் வைத்தேன், கீழ்ச் சத்தத்தைக் குறைத்து மேல் சத்தத்தை ஏற்றினேன். சமையலறையிலிருந்து அக்கா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். மாமா மட்டும், "ம்... பரவால்ல" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"இதுக்கு மேல என்ன தெளிவு வேணும் மாமா? டாக்டர் வந்து உங்க மடியில உக்காந்து சொல்லணுமா?"

அக்கா சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். ஆனால் அக்கா சிரித்ததைப் பார்த்த பிறகுதான் சிரித்தார். மூன்று வாரமாக எதைத் திருகிக்கொண்டிருக்கிறேன் நான்?

சமையலறைக்குப் போய் மாமாவின் காதைப் பற்றி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். திறக்காவிட்டாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

"ஒரு வருஷமா தெரியும்டா. பின்னாடி நின்னு பேசுறதையே விட்டுட்டேன். முன்னாடி போய் நின்னு, மூஞ்சியப் பாத்துத்தான் பேசுறேன்."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமில்ல? காதுக்கு மெஷின் வெச்சா..."

"சொல்லிப் பாத்தேன். ரெண்டு நாள் சாப்பிடல. அவருக்குத் தெரியும்டா. நமக்குத் தெரியக் கூடாது, அவ்ளோதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயாவது சொல்லேன். உன் பேச்சக் கேக்குறாரு இப்ப."

அதுதான் கொடுமை. பதினெட்டு வருடம் என்னைச் சட்டை செய்யாதவர் இப்போது என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார். நான் போய் 'மாமா, ஸ்பீக்கர் நல்லாருக்கு, உங்க காதுதான்' என்று எந்த வாயால் சொல்வது?

மாதத்தின் கடைசி ஞாயிறு. மறுநாள் அந்த அம்மாள் சோதனைக்காக ஐந்து பதிவு அனுப்பப் போகிறாள். என்னால் வாயால் சொல்ல முடியாததைப் பெட்டியைச் சொல்ல வைக்கலாம் என்று ஒரு கோழை யோசனை தோன்றியது. எங்கள் கடையில் சோதனைச் சத்தம் ஒன்று உண்டு. ஆழத்தில் உறுமலாகத் தொடங்கி, ஒரே இழையாக மேலே ஏறி, ஒரு நிமிடத்தில் ஊசிமுனைக் கீச்சில் முடியும். ஸ்பீக்கரில் எங்காவது கோளாறு இருந்தால் அந்த இடத்தில் சத்தம் விட்டுப்போகும். அதை என் போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன்.

"ஸ்பீக்கரை ஒரு தடவை சோதிச்சுடுவோம் மாமா. கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வெச்சுக்குங்க. கேக்காதப்ப இறக்கிடுங்க."

"அப்படிச் சொல்லு. ஸ்பீக்கர்லதான் எங்கயோ கோளாறு" என்று சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

உறுமல் தொடங்கியதும் கையை உயர்த்தினார். சத்தம் ஏறியது, கணீரென்று ஆயிற்று, விசிலாகக் கூர்ந்தது. பாதிகூட ஆகவில்லை. நிதானமாகக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் பரீட்சை எழுதி முடித்த திருப்தி. அறையில் விசில் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது.

"அவ்ளோதானா மாப்ள? நல்லாத்தானே கேட்டுச்சு."

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்? நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காதான் தன்னை மறந்து சொல்லிவிட்டாள்.

"இன்னும் கேக்குதேங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை மடியிலிருந்து மெல்ல எழுந்து, முன்பு இருந்த உயரத்துக்கே போய் நின்றது.

"ஆமா, ஆமா. லேசா கேக்குது."

சத்தம் மேலே மேலே போய், எனக்கே இழை அறுந்து, போனில் முடிந்தும்விட்டது. அறையில் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. அவர் கையை உயர்த்தியபடியே எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது இறக்க வேண்டும் என்பது எங்கள் முகத்தில்தான் அவருக்குத் தெரிய வேண்டும். அசைந்தால் அழுதுவிடுவேன் என்று நான் அசையாமல் இருந்தேன். அக்காவும் அசையவில்லை. அவர் கையை இறக்கவில்லை.