வெலிமிர் குலுக்கும் சீசா

சீசாவைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி ஒரு குலுக்குக் குலுக்குகிறார் வெலிமிர். கழுத்தோரம் முத்துமுத்தாய் நுரை எழுந்து, அடங்காமல் நிற்கிறது. "பாத்தியா, எப்படி நிக்குதுன்னு" என்கிறார் என்னிடம். உள்ளே இருப்பது அவருடைய காலைச் சிறுநீர்.

முப்பது வருடமாக அண்டை வீட்டுக்காரன் நான். எனக்கே முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. சாவா ஆற்றங்கரையில் எங்கள் ஊருக்கெல்லாம் பிளம் பழச் சாராயம் காய்ச்சித் தருபவர் அவர். செம்புக் கொப்பரையில் புளித்த பழ ஊறல் கொதிக்கும். குழாய் வழியே நல்லது சொட்டும். சக்கை கொப்பரையிலேயே கிடக்கும். சொட்டியது தண்ணீராய்த் தெளிந்திருக்க வேண்டும், குலுக்கினால் நுரை முத்தாய் நிற்க வேண்டும், அதுதான் அவருக்குத் தரம். அடுத்தவர் வீட்டுக் காப்பியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் குடிப்பார்.

அவருக்குக் கணுக்கால் வீங்கி, ரொட்டி இறங்காமல் போனதும் அவர் மனைவி தெசாங்கா அழுது தீர்த்தாள். சிறுநீரகம் கெட்டுவிட்டது, வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனிதர் மசியவில்லை. "இவ்வளவு தெளிவா வடியுது, இதப் போய் ரிப்பேருங்கிறாங்க."

அன்றைக்கே அந்தச் சீசாவோடு நான்தான் அவரைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீசாவை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"வெலிமிர் மாமா, உங்களுக்கு இவ்வளவு தெளிவா இருக்கிறதுதான் கெடுதல். சிறுநீரகம் ரத்தத்துல இருந்து தண்ணி, உப்பு, சர்க்கரை எல்லாத்தையும் முதல்ல வடிச்சிடும். ஒரு நாளைக்கு நூத்தெண்பது லிட்டர். அப்புறம் வேண்டியதத் திரும்ப உள்ள எடுத்துக்கும். கழிவு மட்டும் ஒண்ணரை லிட்டர் தண்ணியில வெளிய போகும்."

"வடிச்சதையே திரும்பக் கொப்பரையில ஊத்துமா? எந்தக் கிறுக்கன் அப்படிக் காய்ச்சுவான்?"

"இதுல நல்லது உள்ள நிக்கணும், சக்கைதான் வெளிய சொட்டணும். உங்களுக்குச் சக்கை உள்ளயே தங்கிடுச்சு. இந்த நுரை இருக்கே, அது உடம்புல நிக்க வேண்டிய புரதம்."

வெலிமிர் என்னைப் பார்த்தார். எனக்கும் பாதிதான் விளங்கியது, கூரையைப் பார்த்துக்கொண்டேன். ஐம்பது வருடம் சரக்கைத் தரம் பார்த்த கண்ணை நம்பலாமா கூடாதா என்று அவர் தவிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எல்லாம் தலைகீழால்ல இருக்கு. ஒண்ணும் புரியலம்மா."

"புரிய வேண்டாம் மாமா. இயந்திரத்துக்கு ஊசி போட ரத்தக்குழாயத் தயார் பண்ணணும். ஒரு கையக் காட்டுங்க."

எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றினார். சட்டையின் இரண்டு கைகளையும் தோள்வரை சுருட்டி, இரண்டு கரங்களையும் மேசைமேல் நீட்டினார்.