மாடியில் ஒரு கேபிள் பெட்டி

மந்தைவெளிப் பக்கம் ஓசி கேபிள் என்று ஒன்று உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. தெரு முழுக்க டிவி ஓட வேண்டுமென்றால் நடுவில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் இரும்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்து சிக்னலை ஏற்றிவிட வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். கேபிள்காரர் அந்த வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்துக்கொள்வார். பதிலுக்கு அந்த வீட்டுக்குச் சந்தா கிடையாது. ஒப்பந்தம், கையெழுத்து எதுவும் கிடையாது. நமக்குத்தான் லாபம் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்ளும்.

சூடாமணியின் மாடியில் அப்படி ஒரு பெட்டி இருந்தது.

சூடாமணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், உங்கள் கல்யாணம் எப்படிப் போகிறது என்று திருப்பிக் கேட்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. மேல் போர்ஷனில் அவள் இருந்தாள். கீழ் போர்ஷன் தம்பியுடையது. அதில் இசக்கிமுத்து குடும்பம் வாடகைக்கு இருந்தது. மொட்டை மாடி இரண்டு வீட்டுக்கும் பொது.

அவள் டிவி பார்ப்பது அபூர்வம். புயல் வந்தால் செய்தி. பெரிய டென்னிஸ் போட்டி நடந்தால் கடைசி சில ஆட்டங்கள். அவ்வளவுதான். மற்ற நாட்களில் டிவி மேல் ஒரு துண்டு கிடக்கும். நூற்றுக்கணக்கான சானல் வீட்டுக்குள் வந்து யாரும் பார்க்காமல் திரும்பிப் போகும்.

அந்தக் கார்த்திகை மாத மழையில், புயல் செய்தி பார்க்கத் துண்டை எடுத்தவள் டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸை நகர்த்தினாள். விரலில் சுர்ரென்று ஏறியது. கையை உதறினாள். பழைய வீட்டில் ஈரம் இறங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு பாக்ஸுக்கு வரும் கேபிள் மாடிப் பெட்டியிலிருந்துதானே என்று சந்தேகம் வந்து, டெஸ்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கேபிள் பெட்டி ஓர் இரும்புக் குழாயில் போல்ட் போட்டு மாட்டியிருந்தது. அதே குழாயிலிருந்து எதிர்ச்சுவர் வரை துணி உலர்த்தும் கம்பிக் கொடி போயிற்று. டெஸ்டரைக் கொடியில் வைத்தாள். கைப்பிடிக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

அந்தக் கொடியில்தான் இசக்கிமுத்துவின் பெண்டாட்டி ஸ்வர்ணலதா தினமும் காலையில் ஈரத் துணி போடுகிறாள். வெறுங்காலோடு. தண்ணீர் தேங்கிய தரையில் நின்றுகொண்டு. ஷாக் அடித்தால் தானாக விழுகிற சுவிட்ச் அந்தப் பழைய கட்டடத்தில் கிடையாது.

கேபிள்காரர் கபாலிக்குப் போன் போட்டாள். கபாலி நல்ல மனிதன்தான். தெருவில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் பந்தல் போடுகிறவன். ஆனால் அவனுடைய தொழில் அந்தப் பெட்டியில் இருந்தது.

"மழை வுடட்டும் மேடம். ஆள போட்டு சரி பண்ணிடறேன். இத்தினி வருசமா ஒண்ணும் ஆவல, இப்ப இன்னா ஆயிடப் போவுது?"

மழை விடவில்லை. ஆளும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டபோது ஆள் கே.கே. நகரில் இருக்கிறான் என்றான். அதற்கு அடுத்த முறை போனையே எடுக்கவில்லை.

அடையாறில் இருக்கும் தம்பி மகள் ஹம்சினியிடம் சூடாமணி யோசனை கேட்டாள். ஹம்சினி கேபிள், டிஷ், இன்டர்நெட் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். மாதச் சந்தா தினமும் பார்க்கிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். புயல் செய்தி போனிலேயே சும்மா வருகிறது. டென்னிஸ் நடக்கிற மாதம் மட்டும் ஏதாவது ஓர் ஆப்புக்குப் பணம் கட்டி, முடிந்ததும் நிறுத்திவிடலாம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று இருப்பதை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். டிவி பெட்டியில்தான் பார்ப்பேன் என்றால் அரசாங்க டிஷ் இருக்கிறது. ஒரு தடவை வாங்கி மாட்டினால் மாதம் எதுவும் கட்ட வேண்டாம், ஆனால் அதில் டென்னிஸ் வருமா என்று சொல்ல முடியாது.

"ஓசின்னு நெனச்சுண்டு இருக்கே அத்தை. அந்தப் பெட்டிக்கு ராத்திரி பகலா நீதானே கரண்ட் கட்டறே? நீ பாக்கற லட்சணத்துக்கு இருக்கறதுலயே காஸ்ட்லி கேபிள் உன்னுதுதான்" என்று சிரித்தாள் ஹம்சினி.

சூடாமணி சிரிக்கவில்லை. போனை வைத்ததும் எழுந்து போய்ப் பெட்டிக்குப் போகும் சுவிட்சை அணைத்தாள். வேலை முடிந்தது என்று நினைத்தாள். மாடிக்குப் போய்க் கொடியை அவிழ்க்கவில்லை. அங்கேதான் தப்புச் செய்தாள்.

அன்று சாயங்காலம் கிரிக்கெட் இறுதி ஆட்டம். தெரு மொத்தமும் டிவி முன்னால் உட்கார்ந்தது. எல்லார் வீட்டிலும் வெறும் நீலத் திரை.

முதலில் எதிர் வீட்டு ஜெயராம் வந்தார். பாங்கில் இருந்தவர். நிதானமாகத்தான் ஆரம்பித்தார். அவர் பின்னால் ஆட்கள் சேரச் சேர அவருடைய நிதானம் குறைந்தது. கொடி, குழாய், ஈரம் என்று சூடாமணி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, ஆட்டம் முடிகிற வரைக்குமாவது போடுங்கள் என்றார்கள். தெருவில் எல்லோரும் ஒத்துப் போகும்போது ஒருத்திக்கு மட்டும் என்ன பிடிவாதம் என்று ஒரு குரல். தனியாக இருக்கிறவர்கள் இப்படித்தான் என்று இன்னொரு குரல். அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு சூடாமணி கதவில் சாய்ந்து நின்றாள். எல்லாம் காலையில் வணக்கம் சொல்கிற முகங்கள்தான். அப்போது அவற்றில் ஒன்றுகூடத் தெரிந்த முகமாக இல்லை.

கபாலி பைக்கில் வந்து இறங்கினான். சத்தம் போடவில்லை. அவளிடம் சண்டைக்கும் வரவில்லை. நேராகக் கீழ் போர்ஷனுக்குப் போய் இசக்கிமுத்துவிடம் பேசினான். இசக்கிமுத்து தி. நகர் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவன். நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து பெண்டாட்டியோடு உட்கார்ந்து ஏதாவது பார்ப்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே சுகம். அவனிடம் கபாலி கேட்டது சின்ன உதவி. சமையலறையிலிருந்து ஒரு வயர். இனி அவன் வீட்டுக்குச் சந்தா கிடையாது.

சூடாமணி இறங்கி வருவதற்குள் வயர் ஜன்னல் வழியே மேலேறிவிட்டது.

"இசக்கிமுத்து, சொல்றதைக் கேளுங்கோ. அந்தக் கொடியில துணி போடறது உங்க பொண்டாட்டிதான்."

இசக்கிமுத்து தரையைப் பார்த்தான். "கபாலி அண்ணன் டேப் சுத்தித் தாரேன்னு சொல்லுதாருக்கா. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க."

தெருவில் ஒவ்வொரு வீடாக டிவி உயிர் பெற்றது. கைதட்டல் கேட்டது. மழையில் நனைந்த மாடிக்கு யாரும் டேப் சுற்றப் போகவில்லை.

விடிந்ததும் சூடாமணி மாடிக்குப் போனாள். இரவு முழுக்கப் பெய்த தண்ணீர் வடியாமல் நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொடியை அவிழ்ப்பதென்றால் இனி அந்தக் குழாயைத் தொட்டாக வேண்டும். டெஸ்டரை வைத்துப் பார்க்கக்கூட அவள் பக்கத்தில் போகவில்லை. மாடிக் கதவின் குறுக்கே, வாசற்படியில் உட்கார்ந்தாள். மறியல் என்று அதற்குப் பெயர் உண்டு. அவளுக்கு அந்தப் பெயரெல்லாம் தோன்றவில்லை. கீழே பக்கெட் வைக்கிற சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

ஸ்வர்ணலதா இடுப்பில் பக்கெட்டோடு ஏறி வந்தாள். வழி கேட்டாள். சூடாமணி நகரவில்லை. எங்கே வேண்டுமானாலும் காயப் போடு, என் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தருகிறேன், இங்கே வேண்டாம் என்றாள். ஸ்வர்ணலதாவுக்கு நேற்றைய கோபம் மிச்சம் இருந்தது. ஓசி கேபிள் கைமாறிப் போன வயிற்றெரிச்சல் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். சத்தம் கேட்டு இசக்கிமுத்து வந்தான். கடைக்குக் கிளம்பிய வெள்ளைச் சட்டை, வெறுங்கால்.

"இப்ப என்ன, நான் தொட்டுக் காட்டணும், அவ்வளவுதானக்கா?"

சூடாமணி அவன் வேட்டியைப் பிடித்தாள். உதறிவிட்டு அவளைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினான். கணுக்கால் நனைந்தது. கொடியைப் பார்த்து நடந்தான்.

சூடாமணி அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இன்னும் வேகமாகப் போவான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஸ்வர்ணலதாவின் பக்கம் திரும்பினாள்.

"சுவிட்ச் இப்போ உங்காத்துலதான் இருக்கு."

ஸ்வர்ணலதா புருஷனின் காலைப் பார்த்தாள். பக்கெட் கை நழுவிப் படிகளில் உருண்டது. அதற்கு முன்னால் அவள் உருண்டுவிடுவது போலக் கீழே ஓடினாள்.

இசக்கிமுத்து கையை நீட்டிக் கொடியைப் பிடித்தான். ஒரு கை போதாதென்று இரண்டு கையாலும் பிடித்தான். ஒன்றும் ஆகவில்லை. திரும்பிச் சிரித்தான்.

"பாத்தீங்களாக்கா? இதுக்குப் போயி ஒரு தெருவையே பகைச்சுக்கிட்டீங்களே."

சூடாமணி அவனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்திருந்தது. விரலை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள்.

அவன் பார்த்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அதே நேரம் தெருவிலிருந்து குரல்கள் வந்தன. டிவி போய்விட்டதாம். யாரோ இசக்கிமுத்து வீட்டு ஜன்னலைத் தட்டி, போடும்மா, போடும்மா என்றார்கள்.

கொடியை விட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. விரல்கள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

"ஸ்வர்ணா, போட்டுறாத!"

ஜவுளிக்கடையில் வாடிக்கையாளரிடம் குழைந்து பேசிப் பழகிய குரல் அது. அப்படி ஒரு சத்தம் அதற்குள் இருந்ததே அன்றுதான் தெரிந்தது. கைப்பிடிச் சுவரோரமாகவே ஊர்ந்து கதவுக்கு வந்து சேர்ந்தான். சூடாமணி எழுந்து வழிவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று கடைக்குப் போகவில்லை.

கபாலி மத்தியானம் வந்தான். வாதாடவில்லை. பெட்டியைக் கழற்றினான், வயரைச் சுருட்டினான். கெட்டுப்போன பெட்டியை மாற்று என்று சூடாமணி சொன்னதற்குத் தலையை ஆட்டினான். எந்த அர்த்தத்தில் ஆட்டினான் என்று சொல்ல முடியாது. இசக்கிமுத்து கூட நின்று குழாயையும் கொடியையும் பிடுங்கி எறிந்தான்.

சாயங்காலம் மழை மறுபடி பிடித்தது. சூடாமணி ஜன்னலைச் சாத்தப் போனாள். எதிர் வீட்டு மாடியில் ஆள் நடமாட்டம். ஜெயராம் குடை பிடித்திருந்தார். குடைக்குக் கீழே கபாலி தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். அதே பெட்டி. மேலே ஒட்டியிருந்த துருகூட அப்படியே இருந்தது.

அவள் வாசலுக்கு இறங்குவதற்குள் தெரு முழுக்க டிவி சத்தம் வந்துவிட்டது. ஜெயராம் கீழே வந்து, துடைத்த கையோடு தன் வீட்டுக் கேட்டருகில் நின்றிருந்தார். நேற்றுப் பேசியதெல்லாம் மறந்துபோன முகம்.

"ஒரு லைன் உங்காத்துக்கும் இழுத்துவிடச் சொல்லட்டுமா? சும்மாத்தானே வரது."

"ஸஹானா எங்கே?" என்றாள் சூடாமணி. ஸஹானா அவருடைய பேத்தி. இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காதவள்.

"மழைன்னா அவளுக்கு ஒரே குஷி. மாடிலதான் குதிச்சுண்டு இருக்கா."

சூடாமணி அவரை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். செருப்பைக் கழற்றாமல், கூடத்தின் வழியாகவே, மாடிப்படி ஏறினாள்.