வங்காலையில் நாலு மணிக்குள் ஓர் உள்நுழைவு

இலத்திரனியல் அடையாளத்தைக் காட்டி இணையத்தளங்களில் உள்நுழைய வழிசெய்வது என் தொழில். கடந்த மாதம் வங்காலையிலிருந்து ஜெனிற்றா என்ற பெண் தொலைபேசியில் பொரிந்து தள்ளினாள். தாதியர் பயிற்சி விண்ணப்பம் வெள்ளி மாலை நாலு மணியோடு முடிகிறது. நாங்கள் செய்த தளம் அவளை உள்ளே விடவில்லை. கொழும்பிலுள்ள எங்கள் கந்தோரில் எல்லாப் போன்களிலும் வேலை செய்ததே! "உங்கள் போனில்தான் பிழை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் உறுத்தியது. அவளிடம் விலாசம் கேட்டுக்கொண்டு வியாழன் இரவே மன்னார் பஸ் ஏறினேன்.

கொழும்பிலிருந்து எட்டு மணித்தியாலம். காலை ஆறரைக்கு மன்னார். அங்கிருந்து வங்காலைக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில் ஓட்டோ, தொள்ளாயிரம் ரூபா.

ஜெனிற்றா வாசலிலேயே நின்றாள்.

"வாங்கோ அண்ணை. போன் இல்லை."

"இல்லையா?"

"அப்பா கடலுக்குக் கொண்டுபோயிட்டார். வலை போட்ட இடமெல்லாம் அதிலதான் குறிச்சு வச்சிருக்கிறார்."

வீட்டிலுள்ள ஒரேயொரு நல்ல போன். அவளுடைய அடையாளச் செயலியும் அதில்தான். வேறு போனுக்கு மாற்ற முடியாது. ஆளுக்கொரு போன் என்றே கணக்குப்போட்டிருந்த எனக்கு இது உறைக்கவே நேரம் எடுத்தது.

ஒன்பது மணிக்கு வரும் படகு பன்னிரண்டாகியும் வரவில்லை. கரையில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. "இந்த வருசம் விட்டா வயசு போயிடும் அண்ணை," என்றாள்.

இரண்டு மணிக்குப் படகு வந்தது. அவள் அப்பா பொலித்தீன் பையைப் பிரித்துப் போனை நீட்டினார். "காத்து மாறிப்போச்சு தம்பி, குறை நினையாதேங்கோ."

உள்நுழைய முயன்ற அடுத்த நிமிடமே காரணம் தெரிந்தது. அந்தப் போனின் இணைய உலாவி அடையாளத்தைப் புதிய தொடர்பு நெறிமுறை ஒன்றின்படி அனுப்பியது. எங்கள் தளத்துக்குப் பழையது மட்டும்தான் புரியும். பழைய உலாவி உள்ள போன்களில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். படகின் நிழலில் மடிக்கணினியை விரித்து, இரண்டையும் ஏற்கும்படி திருத்தினேன். மூன்று ஐம்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் அழுதாள், எனக்கும் கண் கலங்கியது.

வங்காலைக் கரைக்குப் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் கொண்டுபோங்கள். படகு வரும் நேரத்தை நம்பித் திரும்பும் பஸ்ஸுக்கு ஆசனம் பதியாதீர்கள். என் தொழில் செய்பவர்கள் எல்லா உலாவிகளிலும் சோதியுங்கள், மற்றவர்களின் போன்களிலும்.

ஓட்டோ ஏறும்போது ஜெனிற்றா கேட்டாள்: "நான் கத்தினபடியால் வந்தனீங்கள். கத்தாத ஆக்கள் என்ன செய்வினம் அண்ணை?"

பஸ்ஸில் எங்கள் தளத்தின் பழைய பதிவுகளைத் திறந்தேன். இதே பிழையில் நின்றவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே குறிப்பு: "பாவனையாளர் தானாக விலகினார்." உள்நுழைய முடியாமல் போனவர்களுக்கெல்லாம் தளம் போடும்படி அந்த வரியை எழுதிவைத்தவன் நான்தான்.