மாமியார் நடுவில் நின்ற படம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வாரத்தில், நான் என் மாமியாரைக் கொல்லப் பார்த்தேன் என்று மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பேராங்கில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆயுதம், என் கல்யாணத்துக்கு அண்ணன் கொடுத்த பெட்டிக் கேமரா.

ஊரெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். எங்கள் வாசலிலும் ஒரு காகிதக் கொடியைக் குத்திவிட்டு, காலை வெயிலில் வீட்டார் மூவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். நடுவில் மாமியார்; மாமனார் போனதிலிருந்து அவருக்கு வெள்ளைச் சேலைதான். ஒரு பக்கம் நாத்தனார். மறுபக்கம் என் கணவர், கண் கூசுகிறது என்று தாழ்வாரத்து நிழலுக்குள் ஒதுங்கிக்கொண்டார். தன் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தாலும் அவர் இப்படித்தான் நிழல் பார்த்து ஒதுங்குவார். நான் அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. படத்தில் எனக்கு இடமில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. கேமராவைப் பிடித்திருந்த எனக்கும்தான்.

படச்சுருளைக் கழுவி அச்சடித்துத் தந்தவர் டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவர்; அண்ணன் என்ற முறையில் எல்லாருக்கும் அவர் நானா. கடையின் பின்னறையை இருட்டாக்கிப் படம் அடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. சேலை விற்கும்போது குழைந்து பேசுவார். படம் என்று வந்துவிட்டால் நீதிபதியாகிவிடுவார்.

"தங்கச்சி, வெள்ளச் சீலை வெந்து போச்சு, ஒரு மடிப்பு தெரியல. இந்தப் பக்கம் மாப்பிள்ள மூஞ்சி கரிச்சட்டி. கண்ணும் பல்லும்தான் தெரியுது. ஒருத்தர வெயில்ல, ஒருத்தர இருட்டுல வச்சா பிலிம் யாரப் பாக்கும்?"

"ரெண்டு பேரையும் பாக்கட்டுமே, நானா."

"பாக்காது. ஒருத்தரத்தான் பாக்கும்."

பிலிமுக்கும் என் கணவருக்கும் குணம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானா விடவில்லை. தூண் நாத்தனார் தலையில் முளைத்து நிற்கிறதாம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்ததால் என் நிழல், தலையும் இரண்டு முழங்கைகளுமாக, மாமியார் காலடிவரை நீண்டு கிடக்கிறதாம். அந்தப் பகுதியை வெட்டி எறியச் சொன்னார்.

வீட்டில் மாமியார் முதலில் பார்த்ததும் அந்த நிழலைத்தான்.

"நீ விழாட்டியும் உன் நிழலாச்சும் என் கால்ல விழுந்துச்சே" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுச் செட்டி அம்மாள் வந்தார். மலாக்காச் செட்டிகள் நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய் இருக்கும். படத்தை வாங்கி விரலால் எண்ணினார். "தீகா ஓராங். தா பாய்க்" என்றார். மூன்று பேர், நல்லதில்லை. மூவர் சேர்ந்து நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் சீக்கிரம் போய்விடுவார் என்பது எங்கள் ஆட்களும் நம்புவதுதான். எடுக்கும்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அம்மாவ நடுவுல நிக்கச் சொன்னது யாரு?" என்று நாத்தனார் கேட்டாள்.

நான்தான். சாயங்காலத்துக்குள் புக்கிட் ரம்பாய் ஊரில் இருந்த சொந்தக்காரர்கள்வரை செய்தி போய்விட்டது. மாமியார் நான் போட்ட காப்பியைத் தொடாமல் ஆறவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் நானாவிடம் போய், "என் வீட்டுக்காரரை அழிச்சிடுங்க" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் குஷியாகிவிட்டார். தாளில் வெளிச்சத்தை இன்னும் கொஞ்ச நேரம் விட்டு இருட்டாக அடித்தார். சேலையில் மடிப்பு மடிப்பாக எழுந்து வந்தது, மாமியார் முகம் தெளிந்தது. நிழலுக்குள் நின்ற கணவர் சுத்தமாகக் காணாமல் போனார்.

"இப்பத்தான் தங்கச்சி, இது படம்" என்றார் நானா.

வீட்டில் நாத்தனார் எண்ணினாள், இரண்டு பேர். அவளுக்குத் திருப்தி. மாமியார் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் அவ்வளவு அழகாக எந்தப் படத்திலும் விழுந்ததில்லை.

"எம்புள்ள எங்க?"

"நிழல்ல இருக்காரு, அத்தை. முகம் தெரியாத மாதிரி அடிக்கச் சொன்னேன். இப்ப ரெண்டு பேருதான்."

"நான் பொழைச்சுக் கெடக்கணும்னு அவன அழிச்சியா?"

"பரவால்லம்மா" என்றார் என் கணவர், உள்ளேயிருந்து.

"நீ சும்மா இரு" என்று மாமியாரும், "நீங்க சும்மா இருங்க" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் மாமியாரே என்னோடு திரிஷா சைக்கிள் வண்டியில் ஏறிக் கடைக்கு வந்தார். தனக்கு என்ன ஆனாலும் சரி, மகன் முகம் தெரிய வேண்டும் என்றார். அச்சடிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கையால் மறைத்தால் முகம் வந்துவிடும் என்று நானா ஒப்புக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்து, என் நிழலுக்கு மேலே வெட்டுவதற்குக் கோடு போடப் போனார்.

"அத எதுக்கு வெட்டுறீங்க?"

"எடுத்தவங்க நிழலும்மா. படத்துல அது குத்தம்."

"குத்தமா இருந்தா இருக்கட்டும். மூணு பேரு ஆகாதுன்னுதானே சொல்றாங்க? இவளையும் சேத்தா நாலு. எங்க வீட்டுல நாலு பேரு."

நானா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். நான் தொங்கிக்கொண்டிருந்த சேலைகளின் பக்கம் திரும்பி, விலை பார்ப்பது போல நின்றேன்.

அன்று சாயங்காலம் நான் போட்ட காப்பியை மாமியார் சூடாகவே குடித்தார். சீனி பத்தவில்லை என்றார்.