சிடாம் கிரி மேட்டில் ஸ்டெல்லா

எண்பதுகளின் நடுவில் ஓர் அக்டோபர் வெள்ளிக்கிழமை காலை பெண்டாங்கில் பஸ் ஏறினேன். மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் பள்ளிக்கு விடுமுறை. ஆசிரியையான நான் ஞாயிறு ஒரு நாளுக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். சுங்கைப்பட்டாணியில் பஸ் மாறி லூனாஸ் போய்ச் சேர பஸ் காசு மூன்று வெள்ளிகூட ஆகவில்லை.

ஊர் பார்க்கப் போகவில்லை. என் பள்ளித் தோழி ஸ்டெல்லா ஓட்டும் ராலி பந்தயக் காரில், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப் போனேன். வழக்கமாக அவளுக்கு வழி சொல்லும் பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

"எனக்கு என்னடி தெரியும்?" என்றேன்.

"கிளாஸ்ல புள்ளைங்கள அதட்டுற மாதிரி சத்தமா சொல்லு. அது போதும் லா."

அவள் கணவர் அந்தோணி லூனாஸில் கார் பட்டறை வைத்திருந்தார். எழுபதுகளில், பழுது பார்த்த கார்களை எஸ்டேட் செம்மண் சாலையில் ஓட்டிப் பார்ப்பது ஸ்டெல்லாவின் வேலை. ஒருமுறை அந்தோணி ராலிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கையை உடைத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக இவள் போனாள். கடைசி இடம்தான். ஆனாலும் பாதிப் பேர் வழியில் நின்றுவிட்ட போட்டியில் காரை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தாள். அதற்குப் பிறகு பெர்லிஸ் கரும்புக்காடு முதல் ஜொகூர் செம்பனைத் தோட்டம் வரை அவள் ஓட்டாத மண் சாலை குறைவு. "அவ ஓட்டுவா, நான் ஸ்பேனர் புடிப்பேன்" என்று அந்தோணி யாரைப் பார்த்தாலும் சொல்வார்.

சனிக்கிழமை விடிந்ததும் லூனாஸ் கடையில் ஐம்பது காசுக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுவிட்டுச் சுங்கைப்பட்டாணி திடலுக்குப் போனோம். முப்பதுக்கு மேல் கார்கள். பெண்கள் ஓட்டுவது எங்களுடையது ஒன்றுதான். கொடி பிடித்திருந்த மலாய்க்காரர் குனிந்து, மகளிர் கோப்பை எப்படியும் உங்களுக்குத்தான், நிதானமாகவே ஓட்டுங்கள் என்று மலாயில் அன்பாகச் சொன்னார். ஸ்டெல்லா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள்.

முதல் இரண்டு கட்டங்களும் ரப்பர் தோட்டத்துக்குள். மரங்கள் சுவர்போல ஓடின. "லெப்ட், இறக்கம், பாலம்" என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

சிடாம் கிரி பக்கம் செம்மண் மேடு ஒன்று வந்தது. ஐந்தாறு கார்கள் அதன் ஓரங்களில் சேற்றில் புதைந்து கிடந்தன. டிராக்டர் வரும்வரை நிற்கலாம், ஆனால் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றார்கள் அதிகாரிகள். ஸ்டெல்லா இரண்டு முறை முயன்றாள். சக்கரம் வெறுமனே சுழன்றது, கார் வழுக்கிக் கீழே வந்தது. மூன்றாவது முறை காரையே திருப்பினாள்.

"என்னடி, திரும்பிப் போறோமா?"

"ரிவர்ஸ்ல ஏறப் போறோம். இதுக்கு முன் சக்கரந்தான் இழுக்குது. மேடு ஏறுறப்ப பாரமெல்லாம் பின்னால போயிடுது, முன்னால புடிப்பு இல்ல. திருப்பிட்டா பாரம் முன் சக்கரத்து மேல உக்காந்துரும். நீ பின்னால பாத்துச் சொல்லு."

பின்கண்ணாடி முழுக்கச் சேறு. நான் பெல்ட்டை அவிழ்த்து ஜன்னல் வழியாக உடம்பை இடுப்புவரை வெளியே நீட்டினேன். மேட்டின் இருபுறமும் எஸ்டேட் ஜனங்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி கூடவே ஓடிவந்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் வாய்க்கா இருக்கு! இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம்!"

அவள் காட்டிய வாய்க்காலை நான் பார்த்திருக்கவே இல்லை. "இந்தப் பக்கம்!" என்று நானும் கத்தினேன். புதைந்து கிடந்த கார்களின் நடுவே, இன்ஜின் அலற, பின்பக்கம் முன்னாலாக எங்கள் கார் நகர்ந்து நகர்ந்து உச்சியைத் தொட்டது.

"நம்ம பொண்ணு லா!" என்று யாரோ கூவியதும் மேடு முழுக்கக் கைதட்டல். என் முகத்தில் மழையும் சேறும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. ஸ்டெல்லா காரைத் திருப்பி, "அடுத்தது என்ன? சொல்லு" என்றாள்.

அன்று எங்களுக்கு மூன்றாவது இடம். பரிசளிப்பில் முதலில் மகளிர் கோப்பைக்கு அவளை அழைத்தார்கள். மேடையேறியவள் மலாயில் பணிவாகச் சொன்னாள்: "இதுக்கு என்னோட போட்டி போட யாரும் இல்ல. எனக்கு மூணாவது எடத்துக் கோப்பை மட்டும் போதும்." அந்தோணி எழுந்து நின்று விசிலடித்தார்.

சாயங்காலம் லூனாஸில் அவர் காரைக் கழுவ வாளி எடுத்தபோது, பால்மரம் வெட்டியே ஸ்டெல்லாவை வளர்த்த அவள் அம்மா வாளியைப் பிடுங்கிக்கொண்டார். "கழுவாத தம்பி. நாளைக்குப் பூசைக்கு இதுலதான் போறேன்." மறுநாள் காலை வெள்ளைச் சேலையில் முன் இருக்கையில் அமர்ந்து, சேறு அப்பிய காரை மாதா கோயில் வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.

மதியம் நான் பஸ் ஏறினேன். ரப்பர் மரங்கள் முடிந்து எங்கள் பக்கத்து வயல்கள் தொடங்கின. மேடென்று சொல்ல ஒரு வரப்புதான். கண்டக்டர் என் கால் சப்பாத்தில் காய்ந்திருந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"எஸ்டேட்ல வேலையாக்கா?"

"இல்லண்ணே, ராலி ஓட்டிட்டு வரேன்."

ஓட்டியது ஸ்டெல்லா. ஆனாலும் அந்தச் சொல்லைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.