லமாரா வீட்டுக்குப் போகும் வண்டிகள்

லமாராவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இந்த ஊரில் யாரும் இல்லை. முப்பது வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவளும் நான்தான். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

இரண்டு பேரும் ஒரே இலையுதிர் காலத்தில், திராட்சை அறுவடை முடிந்த கையோடு, பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு மருமகள்களாக வந்தோம். நான் தெலாவி நகரத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியவள். அவள் அலசானி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் வீட்டுப் பெண். வந்த முதல் வாரமே என் மாமியார் வேலியோரம் நின்று அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னோடு அந்த அம்மாள் சிரித்துப் பேச நாலு வருஷம் ஆயிற்று.

மூன்றாம் வருஷம் எனக்கு இராக்லி பிறந்தான். பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்குத் தெக்லே பிறந்தாள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் அந்த வருஷத்து ஒயினில் நல்லதாகப் பார்த்து, தரைக்குள் கழுத்துவரை புதைந்திருக்கும் மண் தாழி ஒன்றில் நிரப்பி, கல் வைத்துக் களிமண் பூசி மூடிவிடுவோம். அவன் கல்யாணத்தன்றுதான் திறப்பது. நாங்கள் இராக்லிக்கு மூடினோம். மறுநாளே லமாரா மகளுக்கு ஒரு தாழி மூடினாள். பெண்பிள்ளைக்கு யாராவது தாழி மூடுவார்களா என்று ஊரே சிரித்தது. "ஏன், எம் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றவங்க தண்ணி குடிச்சிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் மூன்று வீடுகளில் பெண் குழந்தைகளுக்குத் தாழி மூடினார்கள். அவள் செய்தால் அது வழக்கமாகிவிடும். நான் செய்தால் கிறுக்கு என்பார்கள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தலைநகரத்தில் வேன் பிடித்து, சிக்நாகியில் கோட்டைச் சுவரையும் தெலாவியில் சந்தையையும் பார்த்துவிட்டு, ஒயின் குடித்துத் தங்க எங்கள் ஊரைப் போன்ற கிராமங்களுக்கு வருவார்கள். ஊரில் முதலில் விடுதி திறந்தது நான். ஆறு அறை, அறைக்கு அறை வெந்நீர், மூன்று மொழியில் பலகை. லமாரா அப்போதுதான் புருஷனைப் பறிகொடுத்திருந்தாள். அவள் வீட்டில் கக்கூஸ்கூடத் தோட்டத்தின் கோடியில்தான் இருந்தது. வண்டிகள் என் பலகையைப் படித்துவிட்டு அவள் வாசலில் போய் நின்றன.

வந்தவர்களை அவள் உபசரிக்கவில்லை, வேலை வாங்கினாள். ஒரு டாக்டரை வெங்காயம் உரிக்க வைத்தாள். ஒரு டச்சு நீதிபதியம்மாளைத் தொட்டியில் இறக்கித் திராட்சை மிதிக்க வைத்து, "இன்னும் நல்லா மிதி, உம் மாமியாரை நெனச்சுக்கோ" என்றாள். அந்தம்மாள் ஊருக்குப் போகும்போது அழுதுகொண்டே போனாள். தன் தாழிகள் முந்நூறு வருஷத்துப் பழசு என்று லமாரா எல்லாரிடமும் அடித்துவிடுவாள். அவற்றில் பாதி மேற்கேயிருந்து லாரியில் வந்து இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகு பதினாலு வருஷமாக ஓடியது. தங்கிவிட்டுப் போகிறவர்கள் இணையத்தில் கருத்து எழுதுவார்களே, அதில் அவளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். என்னைப் பற்றி, "படுக்கை சுத்தம்."

வந்தவர்களையெல்லாம் கடைசியில் தெக்லேயின் தாழிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்துவாள். இதைத் திறக்கிற அன்றைக்கு நீங்கள் வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொள்வாள். இராக்லியின் தாழியைக் காட்டச் சொல்லி என்னை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் என் ஒயின் அவள் ஒயினைவிட உசத்தி என்பது எனக்கு நிச்சயம். எங்கள் தோட்டம் மேட்டுச் சரிவு, அவளுடையது ஆற்றோரத்து ஈரம். மகன் கல்யாணத்தில் தாழியைத் திறந்தால் ஊருக்கும் அது தெரிந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகத்தான் இருபத்தேழு வருஷம் காத்திருந்தேன். அவனோ ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் அங்கே மழை பெய்கிறது என்பான்.

போன அக்டோபரில் தெக்லேக்குக் கல்யாணம். ஊர்க்காரர்கள் இருநூறு பேர். வாக்குக் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களில் முப்பது பேர் உண்மையாகவே வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் லமாரா பின்பக்கத்து வேலியைத் தாண்டி என் சமையலறைக்கு வந்தாள். தலையில் கட்டும் துணிகூட இல்லை.

"நத்தேலா, தாழி புளிச்சுப் போச்சு. இப்பத்தான் தெறந்து பாத்தேன். காடியா நாறுது."

உண்மையைச் சொல்கிறேன், என் நெஞ்சு துள்ளிக் குதித்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. ஆனால் முதலில் குதித்தது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. இராக்லியின் தாழியைக் கேட்டாள். ஊரில் ஒயினுக்கா பஞ்சம்? ஆனால் பிள்ளைகள் பிறந்த வருஷத்து ஒயின் இரண்டே தாழியில்தான் இருந்தது. என் பிள்ளை கல்யாணத்துக்கு நான் எங்கே போவேன், முடியாது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த என் புருஷன் உஷாங்கி எழுந்து வந்தான். இராக்லிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"குடுத்துடும்மா. எனக்கு இனிமே அது எதுக்கு? போன வருஷமே இங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

நான் காத்திருந்த நாள் எனக்குத் தெரியாமலே வந்து போய்விட்டது. லமாராவுக்கும் கேட்டிருக்கும். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அந்த மரியாதைகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. இனி என் தாழிக்கு இவள் வீட்டுக் கல்யாணத்தை விட்டால் வேறு கல்யாணம் இல்லை.

"எடுத்துக்க," என்றேன். "ஆனா நாளைக்கு எல்லார் முன்னாலயும் எழுந்திருச்சு, இது நத்தேலா வீட்டு ஒயினுன்னு சொல்லணும். உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன்," என்றாள்.

மறுநாள் மதியம் அவள் முற்றத்தில் போட்ட கூடாரத்தில் என் ஒயின் குவளை குவளையாகப் போயிற்று. பார்க்கக் கறுப்பாக இருந்தது. முதல் வாய் குடித்ததும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. ஒவ்வொரு குவளைக்கும் வாழ்த்துச் சொல்லும் மேசைத் தலைவர் வாயைத் திறப்பதற்குள் லமாரா எழுந்துவிட்டாள்.

"இத்தன வருஷமா எந்தாழியக் காட்டி உங்ககிட்டப் பெருமையடிச்சேன். அது காடியாப் போச்சு. நீங்க குடிக்கிறது நத்தேலா தன் மகனுக்குன்னு தொடாம வச்சிருந்தது. கேட்டதும் எம் பொண்ணுக்குத் தூக்கிக் குடுத்தா. இன்னொண்ணும் சொல்லிடுறேன். என் தாழி முந்நூறு வருஷம்னு சொன்னது பொய். லாரியில வந்தது."

நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்தாள். கேட்டதும் கொடுத்தேன் என்று எனக்காக ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னாள். கூடாரமே எழுந்தது. எழுந்து நேராக லமாராவிடம் போயிற்று. மகள் கல்யாணத்தன்று தன் குறையைத் தானே சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று மேசைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனசுக்காக எல்லாரும் அடுத்த குவளையை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்றார். குடித்தார்கள், என் ஒயினைத்தான். நீதிபதியம்மாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. என் கன்னத்திலும் இரண்டு பேர் முத்தமிட்டார்கள். அதில் ஒருத்தன் உஷாங்கி.

பொய்யை ஒத்துக்கொண்ட பிறகு வண்டிகள் குறையும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மடங்காயிற்று. இப்போது புளித்துப்போன தாழியைக் காட்டித்தான் அவள் கதை சொல்கிறாள்.

போன வாரம் ஒரு வண்டி என் வாசலில் நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு அறைச் சாவிகளோடு ஓடினேன்.

"லமாராக்கா அனுப்பினாங்க," என்றான் வண்டியோட்டி. "அந்தத் தாழியப் பாக்கணுமாம்."

கூட்டிப்போய்க் காட்டினேன். காலித் தாழிக்குள் ஒவ்வொருவராகக் குனிந்து மோந்து பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். லமாரா சொன்னது போலவே நான் தங்கமானவள் என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு தூங்குவதற்கு லமாரா வீட்டுக்குப் போனார்கள்.