கைகோத்த காசு

ரோமானிய வெள்ளிக் காசுகள் இருக்கும் கூடத்தில், வருவோர் போவோருக்கு விளக்கம் சொல்வது அவள் உத்தியோகம். பிள்ளைகள் கூட்டமாக வந்து கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அப்பிக்கொண்டு கத்தினாலும், கடைசியில் நிற்பவன் காதுவரை அவள் குரல் போகும். வீட்டில் அவளுக்கு 'மைக்' என்று பெயர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட அவளுக்கு வராது. பொய் அதைவிட வராது.

அதனால்தான் தம்பி காலையிலேயே கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, இன்னைக்கு எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணும் அவங்கம்மாவும் உன் மியூசியத்துக்கு வராங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. தயவுசெஞ்சு வாயைத் திறக்காதே."

"வாயைத் திறக்கத்தாண்டா எனக்குச் சம்பளமே!"

"அப்ப காசுல இருக்கிற கழுகு, யானையோட நிறுத்திக்கோ."

நிறுத்திக்கொண்டாள். கழுகு என்றால் வெற்றி, பழம் வழியும் கொம்பு என்றால் செழிப்பு. பெண்ணின் அம்மா திருப்தியாகக் கொட்டாவிகூட விட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மியூசியக் கடையில் வாங்கிய நகல் காசைப் பதக்கமாகச் செய்து வைத்திருந்தான். அதைப் பெண்ணிடம் நீட்டினான். ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கும் காசு.

"நித்திய ஒற்றுமைன்னு எழுதியிருக்காம்!" என்றான்.

அம்மா உருகிப்போனார். பெண் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இவங்க யாரு அண்ணி?"

"ராஜாவும் ராணியும்," என்று அக்கா கூரையைப் பார்த்தாள். தம்பி அவள் காலை மிதித்தான்.

"சந்தோஷமா இருந்தாங்களா?"

கேள்வி வந்துவிட்டது. இனி மிதித்து என்ன பயன்?

"இல்லம்மா. அப்பாக்கள் பேசி முடிச்ச கல்யாணம். அவளைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. மூணு வருஷத்துல தீவுக்குத் துரத்திட்டான், அப்புறம் ஆளனுப்பிக் கொன்னே போட்டான். ஒத்துமை இல்லாதப்பதான் இந்த ராஜாக்கள் ஒத்துமையைக் காசுல அடிப்பாங்க."

அம்மாவின் முகம் சுருங்கியது. தம்பி மூன்றாவது இடத்துக்கும் மனசுக்குள் முழுக்குப் போட்டுவிட்டான்.

பெண் சிரித்தாள். "மழுப்பாமப் பதில் சொன்ன முதல் ஆளு நீங்கதான் அண்ணி. சமைக்கத் தெரியுமான்னு கேட்டதுக்கு உங்க தம்பி நாலு டம்ளர் தண்ணி குடிச்சாரு."

கண்ணாடியோரமாக நடந்து இன்னொரு காசின் முன் நின்றாள். "இந்தம்மா கையில என்ன?"

"கப்பலைத் திருப்புற சுக்கான். அதிர்ஷ்ட தேவதை. நினைச்ச பக்கம் உலகத்தைத் திருப்புவா."

"எனக்கு இதுதான் வேணும். மாத்திட்டு வாங்க," என்று பதக்கத்தைத் தம்பியிடம் நீட்டினாள்.

விட்டால் போதும் என்று அவன் ஓடினான், கடை இல்லாத பக்கமாக.

"இடது பக்கம்!" என்றாள் பெண்.

திரும்பினான்.